நான்கு சென்டிமீட்டர்

ரூசே நகரத்து நீரளவை அலுவலகம்.
ரலிட்சாவின் மடிக்கணினிக்குள்
இன்னொரு கணினி விழிக்கிறது.
உடம்பில்லாத பிராவெட்ஸ்.
அறுநூற்று நாற்பது வரை நினைவகத்தை எண்ணிவிட்டு
பெருமையோடு நிற்கிறது.

எமுலேட்டர் இலவசம்.
சிலி நாட்டில், வல்திவியாவில்,
எவரோ இரவுகளில் எழுதி
தண்ணீர்ப் பந்தல் போட்டவர்போல்
பேர் ஊர் கேட்காமல் திறந்து வைத்திருக்கிறார்.
கூடவே ஒரு குறிப்பு:
'உத்தரவாதம் இல்லை.
மூலச் சில்லின் பிழைகளையும் அப்படியே விட்டிருக்கிறேன்.
அவற்றை நம்பிப் பிழைத்த நிரல்கள் உண்டு.'

முதலில் எல்லாமே வேகம்.
பதினோரு வருட டான்யூப்
நாங்கள் இமைப்பதற்குள் ஓடி முடிந்தது.
மறுபடி ஓட்டினோம். மறுபடி இமைத்தோம்.
"குறை" என்றாள் ரலிட்சா.
குறைத்தேன். இன்னும். இன்னும்.
புது இயந்திரத்தின் பலத்தில் பெரும்பகுதி
சும்மா இருப்பதிலேயே செலவானது.

அப்புறம் தேதி கேட்டது.
உண்மையைச் சொன்னோம், ஏற்கவில்லை.
தொண்ணூற்றொன்பதுக்கு அப்பால்
அதற்குக் கரையே கிடையாது.
பொய் சொன்னோம்: தொண்ணூற்று மூன்று, ஏப்ரல் இரண்டு.
உடனே கதவைத் திறந்தது.

காகிதப் பதிவேட்டில் கையெழுத்து: 614.
திரையில்: 610.
அடுத்த நாள் 622. திரையில் 618.
அறுநூறுக்குக் கீழே எல்லாம் சரி.
மேலே போனால் நான்கு காணோம்.

வல்திவியாக்காரர் மேல் பழி போட்டோம்.
ரலிட்சா கடிதமே எழுதினாள், கொஞ்சம் காரமாக.
இரண்டு மணி நேரத்தில் பதில்:
'என் பிழை அல்ல. சில்லின் பிழையும் அல்ல.
உங்கள் ஆள் யாரோ. உள்ளே பாருங்கள்.'

பார்த்தோம்.
எண்களின் காட்டுக்குள், பல்கேரிய மொழியில்,
திரைக்கு ஒருபோதும் வராத ஒரு வரி:
மூன்றாம் கோல் சாய்ந்திருக்கிறது. நான்கைக் கழி.
வெள்ளி வரை.

எழுதியவர் ஸ்வெதோஸார் கெர்கோவ்.
இப்போது ப்ளோவ்டிவில் டயர் கடை.
தொலைபேசியில் காற்றடிக்கும் சத்தத்துக்கு நடுவே கத்தினார்:
"ஆமாம், ஒரு படகு இடித்துச் சாய்த்துவிட்டது,
வெள்ளம் ஏறினால் மட்டும் தொடுகிற கோல் அது.
வெள்ளிக்கிழமைக்குள் நிமிர்த்துவதாகச் சொன்னார்கள்.
நிமிர்த்தினார்களா?"

"தொண்ணூற்றொன்று அக்டோபரில்" என்றாள்.

காற்றடிப்பது நின்றது.

"எனக்கு யாரும் சொல்லவில்லையே."

எட்டு வசந்தங்கள்.
நேராய் நின்ற கோலிலிருந்து
நேர்மையாய் நான்கைக் கழித்துக்கொண்டே இருந்தது நிரல்.
ஆறு ஏறியது. காகிதத்தில் கொஞ்சம் குறைவாக ஏறியது.
அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான்
துறைமுகத்தருகே தடுப்புச் சுவர் எழுப்பினார்கள்.

மாலையில் அளவு நாடாவோடு போனோம்.
நான்கு சென்டிமீட்டர் என்பது
என் இரண்டு விரல் அகலம்.
சுவரின் உச்சியில் வைத்துப் பார்த்தேன்;
விரலுக்கு மேலே வானமும் ருமேனியக் கரையும் தெரிந்தன.
எதிர்வரிசை பேக்கரியில் மாவு மூட்டைகளை
செங்கல் அடுக்கி அதன்மேல்தான் வைக்கிறார்கள்.
ஏன் என்று கேட்டோம்.
"எப்போதாவது ஒரு ஏப்ரலில் ஈரம் வரும்" என்றார் யோவ்கா,
தட்டுகளை உள்ளே தள்ளியபடி.
"பெரிசா இல்லை. கொஞ்சம்தான்."

அந்த வரியை அழிக்கவா என்று கேட்டேன்.
ரலிட்சா தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை.
பக்கத்தில் ஒரு புதுக் கோப்பு திறந்து
சுவரின் உயரத்தைத் தட்டச்சு செய்தாள்,
பேக்கரிச் செங்கல்லின் உயரத்தையும்.
பிறகு வல்திவியாவுக்கு மன்னிப்பு.

உள்ளே அந்தப் பழைய கணினியில்
இன்னும் ஏப்ரல் இரண்டு.
என்ன கிழமை என்று நாட்காட்டியில் தேடினேன்,
சும்மாதான்.
வெள்ளி.